மூழ்கக் கற்றால் பவளம் பிழைக்கும்

முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கும் முறைக்கு 'ஸ்கூபா' என்று பெயர். 1943-இல் பிரான்சு நாட்டில் ழாக் கூஸ்தோ, எமில் கான்யான் என்ற இருவர் அமைத்த கருவி இதனைப் பலருக்கும் எளிதாக்கியது. மூழ்குபவர் எந்த ஆழத்தில் இருக்கிறாரோ, அந்த ஆழத்து அழுத்தத்திலேயே காற்றை அளிப்பது அக்கருவியின் சிறப்பு.

இக்கலையைக் கற்பிப்பவர் உண்மையில் ஒரு பௌதிக ஆசிரியரே. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. எனவே 10 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் 2 வளிமண்டலம். அங்கே நிறைய மூச்சிழுத்து, அதை அடக்கியபடியே மேலே வந்தால் என்ன ஆகும்? பாயில் விதிப்படி அழுத்தம் பாதியாகும்போது காற்றின் பருமன் இரு மடங்காக வேண்டும். நுரையீரல் அவ்வளவு விரியாது. கிழிந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே, மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது என்பதே முதற்பாடம்.

இரண்டாவது பாடம் மிதப்பு. கிணற்றில் நீந்தியவர்கள் இதனை அறிவார்கள். மல்லாந்து மிதக்கையில் மூச்சை இழுத்தால் உடல் சற்று உயரும், விட்டால் தாழும். அரை லிட்டர் காற்றைக் கூடுதலாக இழுத்தால், மார்பு விரிந்து அரை லிட்டர் நீரை விலக்குகிறது. ஆர்க்கிமிடிஸ் தத்துவப்படி, அரைக் கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட எடைக்குச் சமமான விசை உடலை மேலே தள்ளுகிறது. ஈயக் கட்டிகளாலும் காற்றடைத்த மேற்சட்டையாலும் எடையைச் சரிசெய்துகொண்டவர், பிறகு மூச்சாலேயே சிறிது ஏறவும் இறங்கவும் முடியும்.

இதைக் கல்லாதவர் அடித்தரையில் மோதுவார். கைக்கு அகப்பட்டதைப் பற்றுவார். காலில் மாட்டிய துடுப்பால் உதைப்பார். கீழே இருப்பதோ உயிருள்ள பவளம். உருண்டைப் பவளங்கள் பல, ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டரே வளர்கின்றன. ஒரே உதையில் பல ஆண்டு வளர்ச்சி உடைந்துபோகும்.

கரிபியன் கடலிலுள்ள பொனேர் தீவின் கதை இங்கே குறிப்பிடத்தக்கது. 1962-இல் டான் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர் பாய்க்கப்பலில் அங்கு வந்து சேர்ந்தார். தொடக்கத்தில் ஈட்டியால் மீன் வேட்டையாடிய அவர், பிறகு மூழ்குவோருக்கு வழிகாட்டும் தொழிலில் இறங்கினார். பவளத்தைக் காக்கவும் முன்னின்றார். 1971-இல் ஈட்டி வேட்டை அங்கே தடை செய்யப்பட்டது. 1979-இல் தீவைச் சுற்றிலும் 60 மீட்டர் ஆழம்வரை கடற்காப்பகம் அமைந்தது. படகுகளை நங்கூரமிடாமல் மிதவைகளில் கட்டினார்கள். பவளத்தைப் பற்றும் ஆசை எழாதிருக்க, மூழ்குவோர் கையுறை அணிவதும் விலக்கப்பட்டது. வருவோர் முதலில் மிதப்பைச் சரிபார்க்கும் மூழ்கலை முடிக்க வேண்டும். 1992 முதல் அவர்கள் செலுத்தும் கட்டணம் காப்பகத்தின் செலவுக்கு உதவுகிறது. கற்பிப்போரின் பிழைப்பும் பவளத்தின் பிழைப்பும் இவ்வாறு ஒன்றாயின.

ஆயினும் மிதப்புப் பயிற்சியால் மட்டும் பவளத்தைக் காத்துவிட முடியாது. கடல்நீர் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி கூடுதலாகச் சூடேறி, அது சில வாரங்கள் நீடித்தாலே பவளம் வெளுத்துவிடும். 1998-இலும் 2016-இலும் நமது மன்னார் வளைகுடாவிலும் இது நிகழ்ந்தது. கரையில் நிற்பவருக்கு அந்த வெளுப்பு தெரியாது. மூழ்கத் தெரிந்தவர் கண்ணுக்குத் தெரியும். அத்தகைய கண்களைப் பெருக்குவதே மூழ்கக் கற்பிக்கும் ஆசிரியர் பெறும் பெரிய ஊதியம்.