கொட்டகை வெளிச்சமும் எரிமலைத் திவலையும்

நான் பள்ளியில் படித்த நாளில் எங்கள் ஊர் டூரிங் கொட்டகையில் படம் பார்த்ததைவிட, தலைக்கு மேலே போகும் வெளிச்சக் கற்றையைப் பார்த்ததுதான் அதிகம். பீடிப் புகை சுருள் சுருளாக ஏறும்போது கற்றை பளிச்சென்று தெரியும். புகை விலகினால் மங்கிவிடும். மாணவர்களே, காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் ஒளியைச் சிதறச் செய்வதால்தான் கற்றை நம் கண்ணுக்குப் படுகிறது.

இத்துகள்களுக்கு ஏரோசால் என்று பெயர். புழுதி, அடுப்புப் புகை, கடல் உப்பு, எரிமலையால் உண்டாகும் அமிலத் திவலை எல்லாம் இதில் அடங்கும். தரையருகே இருப்பதை வடிகட்டியில் பிடித்து எடை போட்டுவிடலாம். 20 கி.மீ. உயரத்தில் இருப்பதை என்ன செய்வது?

அங்கேதான் லேசர் கைகொடுக்கிறது. நேர் மேலே ஒரு லேசர் துடிப்பை விடுகிறோம். வழியிலுள்ள துகள்கள் அதில் மிகச் சிறு பங்கைத் திருப்பி அனுப்புகின்றன. பக்கத்தில் வைத்த தொலைநோக்கி அதைச் சேகரிக்கிறது. ஒளி போய்வர ஆன நேரம் தெரிந்தால் உயரம் தெரிந்துவிடும். எங்கே, ஒரு கணக்குப் போடுங்கள். ஒளியின் வேகம் வினாடிக்கு 3 லட்சம் கி.மீ. அது 120 மைக்ரோ வினாடியில் திரும்பினால் உயரம் என்ன? 36 கி.மீ. என்கிறீர்களா? போகவும் வரவும் ஆன தூரம் அது. உயரம் 18 கி.மீ.தான். (கல்லூரியிலும் இரண்டால் வகுக்க மறப்பவர்கள் உண்டு!) ரேடாரில் ரேடியோ அலை செய்யும் வேலையை இங்கே ஒளி செய்கிறது. ஆகவே இதற்கு லைடார் என்று பெயர்.

ஒரு சிக்கல். காற்று மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறடிக்கும். வானம் நீலமாயிருப்பதே அதனால்தான். ஆனால் உயரே போகப் போகக் காற்றின் அடர்த்தி எவ்வாறு குறைகிறது என்பது நமக்குத் தெரியும். வெறும் காற்று அனுப்பவேண்டிய ஒளியைக் கணக்கிட்டுக் கழித்தால், மிச்சம் துகள்களின் பங்கு.

1963இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஃபியோக்கோ, ஸ்மல்லின் என்ற இருவர் மாணிக்க லேசரைக் கொண்டு மேல் வளிமண்டலத்திலிருந்து எதிரொளி பெற்றனர். அடுத்த ஆண்டே ஃபியோக்கோவும் கிராம்ஸும் 20 கி.மீ. அருகே துகள் அடுக்கு ஒன்றைக் கண்டார்கள்.

அந்த அடுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை 1991 ஜூன் 15 காட்டியது. அன்று பிலிப்பைன்ஸின் பினடுபோ எரிமலை வெடித்தது. ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் கந்தக டை ஆக்ஸைடு மேலே போய்க் கந்தக அமிலத் திவலைகளாயிற்று. சுமார் மூன்று வாரத்தில் அந்த மேகம் உலகைச் சுற்றிவிட்டது. ஹவாயின் மௌன லோவா முதலிய இடங்களிலிருந்த லைடார்கள், திவலைகள் எந்த உயரத்தில் எவ்வளவு என்று தொடர்ந்து அளந்தன. திவலைகள் வெயிலில் ஒரு பகுதியைத் திருப்பிவிட்டதால் பூமி அரை டிகிரி செல்சியஸ் குளிரும் என்று ஹான்சன் குழுவினர் 1992 தொடக்கத்தில் கணித்து வெளியிட்டனர். ஏறக்குறைய அவ்வாறே குளிர்ந்தது.

நம் பக்கத்திலும், திருப்பதிக்கு அருகே காதங்கியில், 1998இல் இந்திய-ஜப்பானியக் கூட்டு முயற்சியில் லைடார் ஒன்று நிறுவப்பட்டது. 532 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளி அதற்கு. இவ்வகைக் கருவிகளுக்கு மேகமில்லாத இரவுதான் உகந்தது. கெட்டியான மேகம் குறுக்கே வந்தால் லேசர் அதைத் தாண்டாது. அன்று ஆய்வாளர் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.