குடிமல்லம்: கல்லில் இன்னொரு பெயர்

திருப்பதியில் பெருமாளைச் சேவித்துவிட்டுக் காளஹஸ்திக்கு விரையும் தமிழ்க் குடும்பங்கள் ரேணிகுண்டாவைத் தாண்டியதும் கண்ணயர்ந்துவிடுகின்றன. அந்தப் பக்கத்தில்தான், கண்ணாடி மணிகளுக்குப் பெயர்பெற்ற பாப்பாநாயுடுபேட்டையை அடுத்து, குடிமல்லம் இருக்கிறது. வயல்கள் சூழ்ந்த, தெலுங்கு பேசும் சிற்றூர். அருகே ஓடும் ஸ்வர்ணமுகி வேறு ஆறல்ல. கண்ணப்பர் கதையில் சேக்கிழார் சொல்லும் பொன்முகலிதான். ஆண்டின் பெரும்பகுதி அதில் மணல்தான் தெரியும்.

ஊரின் செல்வம் பரசுராமேஸ்வரர் கோயில். யானையின் பின்புறம் போல வளைந்த தூங்கானை மாடக் கருவறை, முன்மண்டபத்தைவிடத் தாழ்ந்து பள்ளத்தில் இருக்கிறது. உள்ளே சுமார் ஐந்தடி உயர லிங்கம். அதன் முன்புறத்தில், குள்ளமான யட்சனின் தோள்மேல் கால் ஊன்றி நிற்கிறார் சிவன். ஒரு கையில் தலைகீழாகப் பிடித்த ஆட்டுக்கடா, இன்னொன்றில் கமண்டலம், தோளில் மழு. மார்பில் பூணூல் இல்லை. காளஹஸ்தியின் கூட்டத்தில் நெருக்குண்டு திரும்புகிறவர்கள் இவரை அருகில் நின்று பார்க்காமல் போவது பரிதாபம்.

இந்த லிங்கத்தை ஆராய்ந்து உலகறியச் செய்தவர் தமிழறிஞர்களுக்கும் பரிச்சயமான து.அ. கோபிநாத ராவ். கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்பது அவர் கணிப்பு. பிறகு வந்தவர்களில் சிலர் காலத்தை முன்னே தள்ளினார்கள், சிலர் பின்னே இழுத்தார்கள், வழக்கு முடியவில்லை. 1973-74இல் தொல்லியல் துறை தோண்டியபோது லிங்கத்தைச் சுற்றிக் கல்வேலி இருந்தது தெரியவந்தது. பௌத்தத் தூபிகளுக்கு இடுவார்களே, அதுபோன்ற வேலி. அதாவது, முதலில் கோயிலே இல்லை. வானமே கூரை.

இன்றைய கற்கோயில் விக்கிரம சோழன் காலத்தது (1126). அதற்கு முன்பே பல்லவர்களும், அவர்களுக்குக் கீழிருந்த வாண அரசர்களும் இங்கே தமிழில் கல்வெட்டு பொறித்திருக்கிறார்கள். அவற்றில் குடிமல்லம் என்ற பெயரே கிடையாது. ஊர் 'திருவிப்பிரம்பேடு', அந்தணர் ஊர். கடைசியில் நிற்கும் 'பேடு' நமக்குப் புதிதல்ல. சென்னைக் கோயம்பேட்டிலும், இங்கே பக்கத்து ஏர்ப்பேட்டிலும் இருப்பதுதான். கோயில் பள்ளத்தில் இருப்பதால் 'குடிபள்ளம்' என்று தெலுங்கில் வழங்கி, அது குடிமல்லமாயிற்று என்பார்கள்.

1911 வரை வட ஆற்காடு ஜில்லா, பிறகு சித்தூர், 1953இல் ஆந்திரா, 2022 முதல் திருப்பதி மாவட்டம். ஊர் நகரவில்லை, முகவரிதான் மாறிக்கொண்டிருக்கிறது. பழைய கொடைகளின் சாட்சியமோ, ஊரார் இப்போது பேசாத மொழியில் இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கத்திலிருந்து போகும் நாம் மட்டும் என்ன வாழ்ந்தது? தமிழில் முதுகலை படித்த எனக்கே, சுவரோடு முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தும் நாலைந்து எழுத்துகளுக்கு மேல் பிடிபடவில்லை.