டெர்மினல் நிரலுக்கு அச்சு வசதி

மட் என்ற மின்னஞ்சல் நிரல் முழுக்க டெர்மினலிலேயே ஓடுவது. ஆனாலும் ஒரு கடிதத்தைத் திறந்து 'பி' விசையை அழுத்தி, 'அச்சிடவா?' என்பதற்கு ஆம் என்றால் தாள் வந்துவிடும். இத்தனைக்கும் உங்கள் அச்சுப்பொறி எந்த மாடல் என்பதுகூட மட்டுக்குத் தெரியாது. கடிதத்தை 'எல்பிஆர்' என்ற கட்டளையிடம் தள்ளிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது.

எல்பிஆர் பெர்க்லி யூனிக்ஸ் பயன்படுத்திய கட்டளை. சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸில் இதே வேலையைச் செய்தது 'எல்பி'. இன்று லினக்ஸிலும் மேக்கிலும் இரண்டு பெயர்களும் பெரும்பாலும் கப்ஸ் என்ற ஒரே அமைப்பிடம்தான் போய்ச் சேருகின்றன. மைக்கேல் ஸ்வீட் 1997-இல் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. வேலைகளை வரிசையில் நிறுத்துவதும், அச்சுப்பொறிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுவதும் அதன் பொறுப்பு.

நிரலாளர் செய்ய வேண்டியது, 1973 முதல் யூனிக்ஸில் இருக்கும் பைப்பைத் திறப்பதுதான். சி மொழியில் 'பீஓபன்' செயற்கூறால் எல்பிஆரைத் தொடங்கி, கோப்பில் எழுதுவதுபோல் எழுதி, 'பீகுளோஸ்' கொண்டு மூட வேண்டும். நாலைந்து வரி நிரல்.

சிக்கல் ஓரங்களில் இருக்கிறது. திரை முழுவதையும் ஆளும் நிரல் என்றால், எல்பிஆர் சொல்லும் பிழைச்செய்தி திரையின் நடுவே விழுந்து அலங்கோலமாக்கும். அதை வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும். எல்பிஆர் பாதியில் நின்றுபோனால் 'சிக்பைப்' சிக்னல் உங்கள் நிரலையும் சேர்த்து வீழ்த்தும். அதைப் புறக்கணிக்கச் சொல்லி வைக்க வேண்டும். பீகுளோஸ் தரும் மதிப்பையும் பார்க்க வேண்டும். அது சுழியம் என்றாலும் வேலை வரிசையில் சேர்ந்தது என்றே பொருள். தாள் வந்தது என்றல்ல.

கட்டளையின் பெயரை நிரலுக்குள் புதைக்காமல், அமைப்புக் கோப்பில் மாற்றிக்கொள்ள விடுவது நல்லது. மட் அப்படித்தான் செய்கிறது. தமிழ்க் கடிதங்களை அச்சிடுபவர் எல்பிஆருக்கு முன்னால் 'பாப்ஸ்' நிரலைச் சேர்த்துக்கொள்ளலாம். கொம்பும் காலும் இடம் மாறாமல் கோத்துத் தரும்.

எஸ்எஸ்ஹெச் வழியாக வெளியூர்க் கணினியில் வேலை செய்பவருக்கு எல்பிஆர் உதவாது. தாள் அங்கே வரும். இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. டெக் நிறுவனத்தின் விடி வகை டெர்மினல்களில், குறிப்பிட்ட எஸ்கேப் குறிகளுக்கு இடையே வரும் எழுத்துகள் டெர்மினலோடு இணைந்த அச்சுப்பொறிக்குப் போகும். பைன் என்ற மின்னஞ்சல் நிரல் இதைப் பயன்படுத்தியது. இன்றைய டெர்மினல்கள் பலவும் இந்தக் குறிகளைக் கண்டுகொள்வதில்லை.

உங்கள் நிரலில் அச்சு வசதி வேண்டுமா? அச்சுப்பொறிகளைப் பற்றிய ஆராய்ச்சியைக் கப்ஸிடம் விட்டுவிட்டு, பிழைகளைக் கவனமாகக் கையாளுங்கள்.