நனையாத சட்டை!

குட்டீஸ், கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போயிருக்கிறீர்களா? கல்வராயன் மலைப் பாதையில் பெரியார் அருவி கொட்டிக் கொண்டிருக்கும். மார்கழிக் காலையில் அதன் அடியில் போய் நின்று பாருங்கள். 'ஹா' என்று மூச்சு இழுக்கும். பற்கள் தந்தி அடிக்கும். விரல்கள் மரத்துப் போய், சட்டைப் பொத்தானைக்கூடப் போட வராது!

ஏன் இப்படி? தண்ணீர், காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக நம் உடல் சூட்டைப் பறித்துவிடும். நம் உடலின் வெப்பம் சுமார் 37 டிகிரி செல்சியஸ். அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே ஆபத்துதான்.

அருவி என்றால் ஓடி வந்து துண்டால் துவட்டிக் கொள்ளலாம். பனிக்கடலின் நடுவே படகு கவிழ்ந்தால்?

வட துருவத்தை ஒட்டி வாழும் இன்யூட் மக்களுக்கு இது அன்றாடக் கவலை. அவர்கள் அந்தக் காலத்தில் வேட்டைக்குப் போன ஒடுக்கமான தோல் படகுதான் கயாக். நம் 'கட்டுமரம்' ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆனதுபோல, கயாக்கும் அவர்கள் மொழியிலிருந்து உலகுக்குக் கிடைத்த சொல்.

உறையும் நீரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறும். சுமார் 10 நிமிடம்தான் கை, கால் சொன்ன பேச்சைக் கேட்கும். ஒரு மணி நேரத்தில் நினைவே தப்பிவிடலாம்.

இதற்கு அந்த வீட்டுப் பெண்கள் கண்ட வழி என்ன தெரியுமா? கடல்நாய்த் தோலில் தண்ணீர் புகாத சட்டை தைத்தார்கள். ஊசி தோலை முழுவதும் துளைக்காமல், பாதி கனத்திலேயே போய் வரும். விலங்கின் தசைநாரே நூல். நனைந்ததும் அது உப்பி, ஓட்டையை அடைத்துக் கொள்ளும். தையல் ஒன்று விட்டுப் போனால், வேட்டைக்குப் போனவர் வீடு திரும்பாமலே போகலாம்!

இன்று குளிர்க்கடலில் கயாக் ஓட்டுபவர்கள் அணியும் 'டிரை சூட்' அந்தச் சட்டையின் பேரன்தான். அதை வாங்கும்போது எதைப் பார்ப்பார்கள்?

1. கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டை இருக்கும். தண்ணீர் நுழையக் கூடாது. கழுத்தையும் நெரிக்கக் கூடாது.

2. ஜிப் தண்ணீர் புகாததாக இருக்க வேண்டும். கொஞ்சம் திறந்து கிடந்தாலும் கடல் உள்ளே வந்துவிடும்.

3. துணி, வியர்வை ஆவியை வெளியே விட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளேயே நனைந்து போவோம்.

4. போட்டுக் கொண்டு உட்கார்ந்து எழ வேண்டும். துடுப்புப் போடுவதுபோல் கைகளைச் சுழற்ற வேண்டும். உள்ளே கம்பளி உடைக்கும் இடம் வேண்டும். பெயர்தான் சூட், அது சூடு தராது! உள்ளே இருக்கும் கம்பளிதான் சூட்டைக் காக்கும்.

5. நிறம் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு எனப் பளிச்சென்று இருந்தால், தேடி வருபவர் கண்ணில் படும்.

இதன் மேல் மிதவைச் சட்டையும் கட்டாயம். இன்னொரு விதியும் உண்டு: வெயிலைப் பார்த்து உடுத்தாதே, தண்ணீரைப் பார்த்து உடுத்து! வெளியே வெயில் அடித்தாலும் கடல் குளிர்ந்தே இருக்கும்.

குளிர்க்கடல் வீரர்களையும் விட்டு வைக்காது. வல்வெட்டித்துறையில் பிறந்த ஆழிக்குமரன் ஆனந்தன், 1971-ல் பாக் நீரிணையை நீந்திக் கடந்து, நீந்தியே திரும்பி வந்தவர். அது வெதுவெதுப்பான கடல். 1984-ல் குளிர்ந்த ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது அவர் உயிர் பிரிந்தது. அந்தக் கால்வாய் நீச்சலின் விதிப்படி, குளிர் காக்கும் உடை எதுவும் அணியக் கூடாது.

நமக்கு டிரை சூட் வேண்டியதில்லை. ஆனால் அதன் பாடம் வேண்டும். அருவிக்குப் போனால் பெரியவர்கள் துணையோடு மட்டும் இறங்குங்கள். பல் நடுங்கத் தொடங்கியதும் கரையேறுங்கள். ஈரத்துணியை உடனே மாற்றி, தலையைத் துவட்டி, சூடாக ஏதாவது குடியுங்கள். "இன்னும் கொஞ்ச நேரம்" என்று தம்பி அடம் பிடித்தால் அவன் உதட்டைப் பாருங்கள். நீலம் பாரித்திருந்தால், கையைப் பிடித்து அழைத்து வந்துவிடுங்கள். சரிதானே குட்டீஸ்?