திங்கட்கிழமை லீவும் 75 சதவீதமும்

மரக்காணம் பக்கத்திலிருந்து பஸ் பிடிச்சு காலேஜ் வர்றவங்க இதைக் கட்டாயம் படிங்க. மழைத்தண்ணி வடிஞ்சு ஜனவரி வாக்கில் உப்பள வேலை ஆரம்பிக்கும். நம்ம ஈவன் செமஸ்டரும் ஏறக்குறைய அப்பதான். "வாரத்துல ஒருநாள்தானே, அப்பாவுக்குக் கூடமாட இருக்கலாம்" என்று திங்கட்கிழமை மட்டும் பாத்தியில் இறங்குறவங்க நம்ம கிளாஸிலேயே உண்டு.

அந்த ஒருநாளைக் கணக்குப் போட்டுப் பாருங்க. செமஸ்டர் 80 வேலைநாள், அதாவது 16 வாரம் என்று வைப்போம். 16 திங்கள் போச்சு. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி விதிப்படி தேர்வு எழுத 75 சதவீத வருகை வேணும். 80 நாளில் 20 நாள்தான் விடலாம். மீதி இருப்பது நாலே நாள். ஒரு வைரஸ் காய்ச்சலுக்கே அது பத்தாது.

"65 இருந்தா போதும், லெட்டர் குடுத்துக்கலாம்" என்று சீனியர்கள் சொல்வது பாதி உண்மை. 65 முதல் 74 வரை உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனா அது ஆஸ்பத்திரியில் படுத்தவங்களுக்கு, விபத்தில் சிக்கினவங்களுக்கு, குறிப்பிட்ட நோய் வந்தவங்களுக்கு, விளையாட்டுப் போட்டிக்குப் போனவங்களுக்கு. சான்றிதழில் முதல்வர் கையெழுத்து வாங்கணும். அது தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் போகும். உப்பு வாரப் போனதுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. நியாயமா என்று கேட்டால், எனக்கும் கோபம்தான். ஆனா விதி இன்னிக்கு அப்படித்தான் இருக்கு.

65-க்குக் கீழே போனாலோ, 74 வரை இருந்தும் சான்றிதழ் இல்லாட்டியோ பரீட்சையும் இல்லை, அடுத்த செமஸ்டரும் இல்லை. அதே செமஸ்டரை அடுத்த கல்வியாண்டில் திரும்பப் படிக்கணும். அரியர் மாதிரி ஆறு மாசத்தில் எழுதித் தள்ள முடியாது. எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணனுக்கு நிஜமாவே மஞ்சள்காமாலை. ஆனா சான்றிதழை வீட்டிலேயே வச்சிருந்து, ஹால் டிக்கெட் வராதப்பதான் தேடினார். அவர் கூடப் படிச்சவங்க ஃபைனல் இயர் போனப்ப அவர் நம்மளோட உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் விட்டு வகுப்புக்கு வர்ற முதல் நாளே சான்றிதழைத் துறைத்தலைவரிடம் கொடுத்துட்டு, நகலை நீங்க வச்சுக்கோங்க.

இன்னொண்ணு. இந்த 75 பாடவாரியா இல்லை, எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து. முழு எண்ணாக்கித்தான் பார்ப்பாங்க, அதனால 74.5 வந்தா 75. தன்னாட்சிக் கல்லூரியில் படிக்கிற உங்க நண்பர்கள் அவங்க விதிப்புத்தகத்தைத் தனியாப் பார்க்கட்டும்.

வீட்டு நிலைமை ஒருநாள் ரெண்டுநாள் லீவில் தீராது என்றால், அனுமதியோடு படிப்பை இடையில் நிறுத்தவும் வழி இருக்கு. தகுந்த காரணம் காட்டி, மொத்தப் படிப்பில் ஒரே ஒருமுறை, அதிகபட்சம் ஒரு வருஷம். முன்கூட்டியே முதல்வர் வழியா விண்ணப்பிக்கணும். சொல்லாம நின்னுட்டு அப்புறம் வந்து கேட்டா இது கிடைக்காது.