டிரஸ்ட் நடத்துறீங்களா? 2025-ல் செப்டம்பர் 15 உங்களுக்கான தேதி இல்லை... அதுக்கு முன்னாடியே ஒண்ணு இருந்துச்சு!

'வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய செப்டம்பர் 15 வரை அவகாசம்' என்ற செய்தி 2025 மே மாதக் கடைசியிலிருந்தே எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றிக்கொண்டிருந்தது. செய்தி உண்மைதான். ஆனால் அறக்கட்டளை, சங்கம், முதியோர் இல்லம், இலவச டியூஷன் சென்டர் என்று நடத்துபவர்களும் அதைப் பார்த்துவிட்டு 'அப்பாடா, டைம் இருக்கு' என்று உட்கார்ந்துவிட்டார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

ஜூலை 31-ல் இருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளிப்போனது, தணிக்கை தேவைப்படாதவர்களுக்கான தேதி மட்டும். வரிவிலக்கைக் கணக்கில் எடுப்பதற்கு முன்பு ஒரு டிரஸ்டின் வருமானம் அடிப்படை வரம்பைத் தாண்டினாலே, அதன் கணக்கைத் தணிக்கை செய்தாக வேண்டும். ஓரளவுக்கு நன்கொடை வரும் டிரஸ்ட்டுகள் எல்லாமே இந்தப் பிரிவில்தான் வரும். இவர்களுக்கு 2024-25 நிதியாண்டுக்கான ஐடிஆர்-7 படிவத்தைத் தாக்கல் செய்யச் சட்டப்படி கடைசி நாளாக இருந்தது 2025 அக்டோபர் 31. தணிக்கை அறிக்கைக்கு செப்டம்பர் 30 ஆக இருந்தது. இந்த ரெண்டுக்கும் முன்னாடி ஒரு தேதி இருந்தது: ஆகஸ்ட் 31.

ஆகஸ்ட் 31-ல் என்ன இருக்கு?

'டிரஸ்ட்டுக்குத்தான் வரி கிடையாதே' என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த விலக்கு நிபந்தனையோடு வருவது. வருஷத்துக்கு வரும் வருமானத்தில் குறைந்தது 85 சதவீதத்தை அந்த வருஷமே அறப்பணிக்குச் செலவு செய்திருக்க வேண்டும். மீதி 15 சதவீதத்தைக் கேள்வி கேட்காமல் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு உதாரணம் பார்ப்போம். சின்ன ஊரில் முதியோர் இல்லம் நடத்தும் ஒரு டிரஸ்ட்டுக்கு வருஷத்தில் 20 லட்சம் ரூபாய் வருகிறது. 85 சதவீதம் என்றால் 17 லட்சம். சாப்பாடு, மருந்து, சம்பளம், கரண்ட் பில் எல்லாம் சேர்த்து 12 லட்சம்தான் செலவானது. மேல்மாடியில் புதிதாக ரெண்டு அறை கட்ட வேண்டும் என்று 5 லட்சத்தை பேங்கில் போட்டு வைத்திருக்கிறார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் 'இந்த 5 லட்சத்தை இந்த வேலைக்காகச் சேர்த்து வைத்திருக்கிறோம், இத்தனை வருஷத்தில் செலவு செய்வோம்' என்று வருமான வரித் துறைக்குச் சொல்லாவிட்டால், அந்த 5 லட்சம் வரிக்கு உட்பட்ட வருமானமாகிவிடும். அப்படிச் சொல்வதற்கான தாள்தான் படிவம் 10. இதைக் கணக்கு தாக்கலுக்கான கடைசி நாளுக்கு இரண்டு மாதம் முன்பே கொடுக்க வேண்டும். அக்டோபர் 31-க்கு இரண்டு மாதம் முன்பு என்றால் ஆகஸ்ட் 31.

அதிகபட்சம் 5 வருஷம் வரை சேர்த்து வைக்கலாம். என்ன வேலைக்கு என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். 'பொது நோக்கங்களுக்காக' என்று மொட்டையாக எழுதினால் பின்னாடி கேள்வி வரும். பணமும் வங்கி டெபாசிட், அஞ்சலகச் சேமிப்பு போல சட்டம் அனுமதித்த இடங்களில்தான் இருக்க வேண்டும். தெரிந்தவரிடம் வட்டிக்குக் கொடுத்து வைத்தால் செல்லாது. சொன்ன காலத்துக்குள் செலவு செய்யாத தொகைக்கு அப்புறம் வரி உண்டு.

கிராண்ட் சாங்ஷன் ஆகி கணக்கில் ஏறிவிட்டது, கைக்குப் பணம் வரவில்லை, அதனால் செலவு செய்ய முடியவில்லை என்றால் அதற்கு வேறு படிவம்: 9ஏ. கடைசி நாள் அதே ஆகஸ்ட் 31. 2025-ல் அது ஞாயிற்றுக்கிழமை. இணையதளத்துக்கு லீவு கிடையாது. ஆடிட்டர் போனை எடுப்பாரா என்பதுதான் கேள்வி.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. படிவம் 10-ஐ சரியான நேரத்தில் கொடுத்துவிட்டு, ஐடிஆர்-7 தாக்கலை அக்டோபர் 31-க்குப் பிறகு செய்தால், சேர்த்து வைத்த தொகைக்கான சலுகை போய்விடும். ரெண்டும் ரெண்டு தேதிக்குள் நடந்தாக வேண்டும்.

'ஆடிட்டர் போட்டுட்டார்'... நிஜமாவே போட்டாச்சா?

தணிக்கை அறிக்கையில் அதிகம் தவறு நடப்பது கணக்கில் இல்லை, கிளிக்கில். ஆடிட்டர் அறிக்கையைப் பதிவேற்றியதும் வேலை முடிந்துவிடாது. டிரஸ்டின் லாகினில் அது ஒப்புதலுக்காகக் காத்திருக்கும். பொறுப்பில் இருக்கும் அறங்காவலர் உள்ளே போய் ஏற்றுக்கொண்டு, டிஜிட்டல் கையெழுத்தோ ஓடிபி சரிபார்ப்போ செய்தால்தான் தாக்கலானதாகக் கணக்கு. செப்டம்பர் 30 ராத்திரி, பழைய தலைவரின் செல்போனுக்கு ஓடிபி போய்க்கொண்டிருக்கும் நிலைமை யாருக்கும் வேண்டாம். நிர்வாகிகள் மாறியிருந்தால் அந்த விவரங்களை இப்போதே மாற்றிவிடுவது நல்லது.

எந்தப் படிவம் என்பதிலும் குழப்பம் உண்டு. மொத்த வருமானம் 5 கோடியைத் தாண்டினாலோ, வெளிநாட்டு நன்கொடை வந்திருந்தாலோ, இந்தியாவுக்கு வெளியே செலவு செய்திருந்தாலோ படிவம் 10பி. மற்றவர்களுக்கு 10பிபி. இந்தப் புதிய முறை வந்த முதல் வருஷம் நிறைய பேர் படிவத்தை மாற்றிப் போட்டுவிட்டார்கள். சரியான படிவத்தை மறுபடியும் கொடுக்க 2024 மார்ச் 31 வரை வருமான வரித் துறையே அவகாசம் தர வேண்டியிருந்தது.

தேதியை விட்டுட்டா என்ன ஆகும்?

ஐடிஆர்-7-ஐ அக்டோபர் 31-க்குள் போட முடியாவிட்டால், தாமதக் கட்டணத்தோடு டிசம்பர் 31 வரை போடலாம். அதுவரை பொதுவான வரிவிலக்கு தப்பும். டிசம்பர் 31-ம் போனால் அந்த வருஷத்துக்கு விலக்கு இல்லை. அதற்கப்புறம் புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்ன் போட்டாலும் அது திரும்ப வராது.

விலக்கு போனால் செலவுகளைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்கு வரி போடுவார்கள். ஆனால் கட்டடம், ஆம்புலன்ஸ் போன்ற மூலதனச் செலவைக் கழிக்க விடமாட்டார்கள். 10 லட்சம் நன்கொடை வாங்கி 10 லட்சத்துக்கும் வகுப்பறை கட்டிய டிரஸ்டின் கையில் பைசா இருக்காது, நோட்டீஸில் மட்டும் 10 லட்சம் வருமானம் இருக்கும்.

தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் மன்னிப்பு கேட்க வழி இருக்கிறது. 9ஏ, 10, 10பி, 10பிபி படிவங்களில் 365 நாள் வரையிலான தாமதத்தை வருமான வரி ஆணையரே மன்னிக்கலாம். அதற்கு மேல் 3 வருஷம் வரை என்றால் தலைமை ஆணையர் மட்டம். 2024 நவம்பரில் வந்த சுற்றறிக்கை இது. மனு போட்டு, காரணத்துக்கு ஆதாரம் காட்டி, உத்தரவு வரும் வரை காத்திருக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன டிரஸ்ட்டுக்கு அதுவே பெரிய அலைச்சல்.

'எப்படியும் நீட்டிப்பாங்க' என்ற நம்பிக்கையும் நிறைய பேருக்கு இருக்கிறது. 2024-ல் தணிக்கை அறிக்கைக்கு அக்டோபர் 7 வரையும், ரிட்டர்னுக்கு நவம்பர் 15 வரையும் நீட்டித்தது நிஜம்தான். ஆனால் அதன் பிறகு டிசம்பர் 31-ஐ ஜனவரி 15 ஆக்கியபோது, அது இந்தியாவில் வசிக்கும் தனிநபர்களுக்கு மட்டும். டிரஸ்ட்டுகளுக்கு இல்லை. தலைப்பை மட்டும் படித்தவர்கள் ஏமாந்தார்கள்.

நன்கொடை கொடுத்தவருக்கும் பாதிப்பு

80ஜி அனுமதி உள்ள டிரஸ்ட்டுகள், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலை 10பிடி படிவத்தில் மே 31-க்குள் கொடுத்து, நன்கொடையாளர்களுக்கு 10பிஇ சான்றிதழ் தந்திருக்க வேண்டும். தரவில்லையா? நாளொன்றுக்கு 200 ரூபாய் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகஸ்ட் 31 வரை 92 நாள், 18,400 ரூபாய். இந்தக் கட்டணம் விடுபட்ட நன்கொடைத் தொகையைத் தாண்டாது என்பது மட்டும் ஆறுதல். இது போக 10,000 முதல் 1 லட்சம் வரை தனி அபராதமும் விதிக்கலாம். பழைய வரிமுறையில் இருக்கும் நன்கொடையாளர், தன் கணக்கைப் போட அந்தச் சான்றிதழைத் தேடிக்கொண்டிருப்பார். அடுத்த வருஷம் அவர் வேறு டிரஸ்ட்டுக்குப் போய்விட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

'2026-27 வரை' என்று சான்றிதழில் இருக்கா?

2025-ன் பெரிய பொறி இதுதான். 2021-ல் பழைய டிரஸ்ட்டுகள் எல்லாம் 12ஏபி பிரிவில் மறுபதிவு செய்தபோது 5 வருஷத்துக்கு அனுமதி கிடைத்தது. சான்றிதழில் '2022-23 முதல் 2026-27 வரை' என்று இருக்கும். 2025-ல் அதைப் பார்த்தவர்களுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது என்று தோன்றியிருக்கும். ஆனால் அது மதிப்பீட்டு ஆண்டு. நிதியாண்டுக் கணக்கில் 2026 மார்ச் 31-லேயே முடிந்துவிடுகிறது. புதுப்பிக்க 6 மாதம் முன்பே, அதாவது 2025 செப்டம்பர் 30-க்குள், படிவம் 10ஏபி-யில் விண்ணப்பித்திருக்க வேண்டும். 80ஜி அனுமதிக்கும் தனியாக விண்ணப்பம் உண்டு.

இதை விட்டால் ஒரு வருஷ வரியோடு போகாது. பதிவைப் புதுப்பிக்காத டிரஸ்டின் சொத்து மதிப்பிலிருந்து கடன்களைக் கழித்து, மிச்சத்துக்கு உச்ச விகிதத்தில் வரி கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தாத்தா காலத்தில் எழுதி வைத்த நிலத்தில் பள்ளி நடத்தும் டிரஸ்ட் என்றால், அந்த நிலத்தின் இன்றைய சந்தை விலை கணக்கில் வரும். தாமதமான விண்ணப்பத்தை ஆணையர் மன்னிக்கலாம் என்று 2024 அக்டோபரிலிருந்து விதி வந்திருக்கிறது. அது அவர் முடிவு.

சின்ன டிரஸ்ட்டுகளுக்கு ஒரு நல்ல சேதியும் உண்டு. விண்ணப்பிக்கும் வருஷத்துக்கு முந்தைய இரண்டு வருஷமும் வருமானம் 5 கோடியைத் தாண்டாதவர்களுக்கு, இப்போது 12ஏபி பதிவு 10 வருஷத்துக்குக் கிடைக்கும். 80ஜி மட்டும் பழையபடி 5 வருஷம்தான்.

வெளிநாட்டு நன்கொடைக்கான எஃப்சிஆர்ஏ பதிவு வைத்திருப்பவர்கள் எஃப்சி-4 அறிக்கையை உள்துறை அமைச்சகத்துக்கு டிசம்பர் 31-க்குள் கொடுக்க வேண்டும். வருஷம் முழுக்க ஒரு ரூபாய் வரவில்லை என்றாலும் 'இல்லை' என்று எழுதிக் கொடுக்கணும்.

புதிய வருமான வரிச் சட்டத்தின் நடைமுறைத் தேதி 2026 ஏப்ரல் 1. அதில் நிதியாண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் கணக்குக்குப் பதிலாக 'வரி ஆண்டு' என்று ஒன்றே இருக்கும். 2024-25 கணக்குக்கும், 2025 செப்டம்பர் 30-க்குள் போட வேண்டியிருந்த புதுப்பித்தலுக்கும் பழைய சட்டம்தான்.