அரைத்தலிற் பிறக்கும் வன்பொருள்

றொசல்லையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் தேயிலைத் தொழிற்சாலைகளைக் கண்டோர், வாடிய கொழுந்து றோலரில் உருளும்போது நிகழ்வதை அறிவர். இலையின் கலங்கள் நசுங்கிச் சாறு காற்றோடு கலக்கின்றது. பசுமை மாறிச் செம்மை படர்கின்றது. பொறி செய்வது நசுக்குதல் ஒன்றே; விளைவதோ இரசாயன மாற்றம். காபைட்டுப் பொடி ஆக்கும் ஒரு முறைக்கும் இதுவே அடிப்படையாகும்.

காபன், உலோகத்துடனோ சிலிக்கனுடனோ கூடியமைந்த வன்சேர்வையே காபைட்டு. உருக்கை அறுக்கும் கருவிகளுக்கும் சாணைச் சில்லுகளுக்கும் அது உதவுகின்றது. மணலையும் கற்கரியையும் மின்னுலையில் 2000 பாகை செல்சியசுக்கு மேற் சூடேற்றிச் சிலிக்கன் காபைட்டு ஆக்கும் முறை, 1890களில் எட்வேட் அச்செசன் என்னும் அமெரிக்கர் வகுத்தது. அவ்வுலையின்றியும் சில காபைட்டுகளை அரைத்தே ஆக்கலாம் என்பது பிற்காலத்தார் கண்ட உண்மை.

தைத்தேனியக் காபைட்டை எடுத்துக்கொள்வோம். 48 கிராம் தைத்தேனியப் பொடிக்கு 12 கிராம் காபன் என்னும் அளவிற் கலந்து, மூடிய கலத்திலிட்டு, பொடியின் எடையிற் பத்து மடங்கு உருக்குக் குண்டுகளுடன் சுழற்றுவர். குண்டுகளிடையே அகப்பட்ட துகள்கள் தட்டையாகி, உடைந்து, ஒட்டி, மீண்டும் உடைகின்றன. ஒவ்வோர் அடியிலும் புதுமுகம் தோன்ற, இரு பொருள்களும் மேன்மேலும் நெருங்குகின்றன. சில மணி நேரத்தின்பின் ஓரிடத்தில் இரசாயனத் தாக்கம் தொடங்கின், அதிற் பிறக்கும் வெப்பமே எஞ்சிய பொடியையும் காபைட்டாக்கிவிடும்.

விரைவு மிகுந்தால் நன்மை மிகும் என்று எண்ணலாகாது. சாதாரண உருளைக் கலம் எல்லை கடந்து சுழன்றாற் குண்டுகள் சுவரோடு ஒட்டிச் சுற்றும்; அடி விழாது. ஒரு மீற்றர் விட்டமுள்ள கலத்துக்கு அவ்வெல்லை நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சுற்று. அதன் முக்காற் பங்கே தக்க வேகம். வலிய அடி வேண்டுவோர், கலமும் அதனைத் தாங்கும் தட்டும் எதிரெதிராகச் சுழலும் பொறியைக் கொள்வர்.

தேயிலைக்குக் காற்று வேண்டும்; இங்கோ காற்றே பகை. நுண்ணிய உலோகப் பொடி ஒட்சிசன் பட்டதும் தீப்பற்றக்கூடும். ஆதலின் கலத்தை ஆகன் வாயுவால் நிரப்புவர். குண்டுகள் தேய்ந்து இரும்பும் பொடியிற் கலக்குமாதலால், அரைக்கும் காலத்தை நீட்டுந்தோறும் தூய்மை குன்றும். தூசு நுரையீரலுக்குத் தீங்கு செய்யுமாதலின் முகக்காப்பும் இன்றியமையாதது.

நம் நாட்டில் போகலைச் சுரங்கத்துக் காரீயம் உயர்ந்த காபன். புல்மோட்டைக் கரைமணலில் தைத்தேனியம் பொதிந்த இல்மனைற்று உண்டு. இவ்விரண்டையும் சேர்த்து அரைத்துப் பின் சூடேற்றினால், அரையாத கலவைக்கு வேண்டியதிலும் குறைந்த வெப்பநிலையில் இரும்பும் தைத்தேனியக் காபைட்டும் பெறலாம். எனினும் இரண்டையும் நாம் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேற்றுகின்றோம். அறுகருவிகளை விலைகொடுத்து வாங்குகின்றோம். மண்ணின் செல்வத்தை ஆக்கப் பொருளாக்கும் அறிவு, நம் கல்லூரியின் ஆய்வுகூட மேசையிலிருந்தே தொடங்குதல் கூடும். இளைய மாணவர் இத்துறையை நாடுவாராக என்பதே எம் வேணவா.